ஏழு ஆண்டுகள் என்பதற்கு என்ன கணக்கு? ஒலிவியா டி ஹேவிலண்டின் வாழ்வும் வழக்கும்

அமெரிக்காவில் ஒரு பாடகருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இடையே தகராறு மூண்டு, அது கலிபோர்னிய நீதிமன்றம் வரை போகும்போதெல்லாம் ‘டி ஹேவிலண்ட் சட்டம்’ என்ற பெயர் செய்திகளில் தலைகாட்டுகிறது. பெயரைப் பார்க்கும் வாசகருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. ஹாலிவுட்டின் பழைய நடிகை ஒருவரின் பெயரில் சட்டம் எப்படி வந்தது? 1940களில் முடிந்துபோன வழக்கை இன்றைய பாடகர்கள் ஏன் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

முதல் ஐயத்துக்கு விடை எளிது: அந்தப் பெயரில் சட்டம் எதுவும் இல்லை. கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 2855ஆம் பிரிவைத்தான் மக்கள் அப்படி அழைக்கிறார்கள். அதன் மூலவடிவம் ஒலிவியா டி ஹேவிலண்ட் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் இருந்தது. அவர் அதை இயற்றவில்லை, திருத்தவுமில்லை. அதிலுள்ள ‘ஏழு ஆண்டுகள்’ என்ற சொற்களுக்கு நாட்காட்டியில் உள்ளபடிதான் பொருள் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைத்தார். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்த விளக்கத்துக்காக ஒரு முன்னணி நடிகை புகழின் உச்சத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கேமரா முன் நிற்காமல் இருந்தார் என்றால், அந்தச் சொற்களுக்குள் எவ்வளவு பணமும் அதிகாரமும் அடைபட்டிருந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

டோக்கியோவிலிருந்து பர்பாங்க் வரை

ஒலிவியா 1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பிறந்தார். தந்தை வால்டர் டி ஹேவிலண்ட் ஜப்பானில் தொழில் நடத்திய ஆங்கிலேயக் காப்புரிமை வழக்கறிஞர். தாய் லிலியன் மேடை நடிப்பில் பயிற்சி பெற்றவர். அடுத்த ஆண்டு தங்கை ஜோன் பிறந்தார். 1919இல் தாய் இரு பெண் குழந்தைகளுடன் கலிபோர்னியாவில் தங்கிவிட, தந்தை ஜப்பானுக்குத் திரும்பினார். லிலியன் பின்னர் ஜார்ஜ் ஃபோன்டேன் என்பவரை மணந்துகொண்டார். தங்கை பிற்காலத்தில் ஜோன் ஃபோன்டேன் என்ற பெயரில் நடிகையானதற்கு இந்த மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரே காரணம்.

சான் ஹோசேக்கு அருகிலுள்ள சாரடோகா என்ற சிற்றூரில் ஒலிவியா வளர்ந்தார். அங்கே உள்ளூர்க் குழுவினர் நடத்திய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடித்தது, 1934இல் ஆஸ்திரிய இயக்குநர் மேக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் மேடையேற்றிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்துக்குள் நுழைய வழிவிட்டது. ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகையாகத்தான் அவரைச் சேர்த்திருந்தார்கள். அந்த வேடத்துக்கு உரியவர் விலகியதால் மேடை இவருக்குக் கிடைத்தது. பர்பாங்கில் படப்பிடிப்புத் தளம் வைத்திருந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அதே நாடகத்தைத் திரைப்படமாக்க முடிவுசெய்து, அதே வேடத்தை அவருக்குத் தந்தது. 1934 நவம்பரில், பதினெட்டு வயதில், வாரம் 200 டாலர் சம்பளத்தில் அவர் வார்னருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1935இல் வெளிவந்த ‘கேப்டன் பிளட்’ அவரையும் எரோல் ஃபிளினையும் ஒரே படத்தில் நட்சத்திரங்களாக்கியது. அதன் வெற்றிக்குப் பின் 1936 ஏப்ரலில் வாரம் 500 டாலரில் தொடங்கும் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பிற்காலத்தில் நீதிமன்றம் ஆராய்ந்தது இந்த இரண்டாவது ஒப்பந்தத்தைத்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கணக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

ஏழாண்டு ஒப்பந்தம் இயங்கிய விதம்

1930களின் ஹாலிவுட்டில் எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர், ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்கள் படம் எடுப்பது, விநியோகிப்பது, திரையிடுவது ஆகிய மூன்றையும் தம் கைக்குள் வைத்திருந்தன. நடிகர்கள் படத்துக்குப் படம் சம்பளம் பேசுபவர்கள் அல்லர்; வாரச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். நம் திரையுலகில் கால்ஷீட் கொடுப்பது நடிகரின் கையில் இருக்கிறது. அங்கே நடிகரின் எல்லா நாட்களும் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன. அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்ற நிபந்தனைகளை இப்படிப் பிரிக்கலாம்.

1. நீட்டிப்பு உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே. ஏழாண்டு ஒப்பந்தம் என்று பெயர் இருந்தாலும் நடிகருக்கு ஏழாண்டு வேலை உறுதி இல்லை. ஒலிவியாவின் 1936 ஒப்பந்தம் 52 வாரங்களுக்கு மட்டுமே. அதன்பின் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் 52 வாரங்களுக்கு, நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது. வேண்டாம் என்றால் நிறுவனம் ஆண்டு முடிவில் அனுப்பிவிடலாம். நடிகர் போக விரும்பினால் போக முடியாது.

2. வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நடிகருக்கு இல்லை. கொடுத்த கதையில், கொடுத்த இயக்குநரிடம் நடிக்க வேண்டும்.

3. இரவல். நிறுவனம் தன் நடிகரை மற்றொரு நிறுவனத்துக்கு இரவலாகக் கொடுக்கலாம். வாங்குபவர் அதிகத் தொகை கொடுப்பார். நடிகருக்கு வழக்கமான சம்பளம் போகும். இடையிலுள்ள லாபம் நிறுவனத்துக்கு.

4. இடைநிறுத்தமும் நீட்டிப்பும். வழக்கின் உயிர்நாடி இதுவே. நடிகர் ஒரு வேடத்தை மறுத்தால், அந்த வேடத்தை வேறொருவர் நடித்து முடிக்கும்வரை அவருக்குச் சம்பளம் நிறுத்தப்படும். அதோடு நிற்காமல், அந்த நாட்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டப்படும். பத்து வாரம் தண்டனை என்றால் ஒப்பந்தமும் பத்து வாரம் நீளும். அந்தப் பத்து வாரத்தில் நடிகர் வேறு எங்கும் நடிக்கவும் முடியாது.

நான்காவது நிபந்தனை மற்ற மூன்றையும் பூட்டி வைத்தது. பிடிக்காத வேடத்தை மறுப்பவர் விடுதலை நாளைத் தானே தள்ளிப்போடுகிறார். மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகும். மறுக்காமல் நடிப்பவரோ சாரமற்ற படங்களில் தேய்ந்து, ஏழாம் ஆண்டில் சந்தை மதிப்பை இழந்து நிற்பார். நிறுவனத்துக்கு இரண்டு வழியிலும் இழப்பு இல்லை.

இதை எதிர்த்த முதல் ஆள் ஒலிவியா அல்லர். அதே வார்னரின் மிகப் பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ் 1936இல் இங்கிலாந்துக்குப் போய் வேறொரு தயாரிப்பாளருக்கு நடிக்க முயன்றார். வார்னர் லண்டனில் வழக்குத் தொடுத்து வென்றது; டேவிஸ் திரும்பி வந்து பழைய ஒப்பந்தத்தின்படியே நடித்தார். அங்கே நீதிமன்றம் பின்பற்றிய கொள்கைக்கு 1852ஆம் ஆண்டின் லண்டன் வழக்கொன்று அடிப்படை. ஜொஹானா வாக்னர் என்ற பாடகியை ஓர் அரங்கில் பாடும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஒப்பந்தம் செய்த அரங்கை விட்டு வேறு அரங்கில் பாடக் கூடாது என்று தடையாணை பிறப்பிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. ‘எனக்கு வேலை செய்’ என்று ஒருவரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது அடிமைத்தனம். ‘வேறு யாருக்கும் செய்யாதே’ என்று தடுப்பது ஒப்பந்தப் பாதுகாப்பு. சோற்றுக்கு வழி தேட வேண்டிய மனிதருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதை எந்த நடிகரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மெலனிக்குப் பின் மறுப்பு

வார்னரில் ஒலிவியாவின் வேலை பெரும்பாலும் ஃபிளினின் காதலியாக இருப்பது. 1935 முதல் 1941 வரை இருவரும் எட்டுப் படங்களில் இணைந்து நடித்தார்கள். 1938இல் வந்த ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ இன்றும் ரசித்துப் பார்க்கக்கூடிய படம்; அதில் மேரியன் வேடத்தில் அவருடைய அழகுக்கும் பண்புக்கும் குறையில்லை. ஆயினும் அந்தப் படங்களின் கதையை நகர்த்துவது வாள் ஏந்திய ஆண்தான். பெண் காத்திருக்கிறாள், கவலைப்படுகிறாள், இறுதியில் கைப்பிடிக்கிறாள்.

‘கான் வித் த விண்ட்’ படத்தில் மெலனி வேடத்துக்குத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரைக் கேட்டபோது ஜாக் வார்னர் இரவல் தர மறுத்தார். ஒலிவியா ஜாக் வார்னரின் மனைவி ஆன் வார்னரைத் தேநீருக்கு அழைத்து நிலைமையை எடுத்துச் சொன்னார். அதன் பிறகே அனுமதி கிடைத்தது. 1939 டிசம்பரில் படம் வெளியாயிற்று. துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குக் கிடைத்தது. ஆஸ்கர் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.

வார்னருக்குத் திரும்பியபோது பழைய வகை வேடங்களே காத்திருந்தன. அவர் மறுக்கத் தொடங்கினார், இடைநிறுத்தங்களும் தொடங்கின. 1941இல் பாரமவுண்டுக்கு இரவலாகப் போய் நடித்த ‘ஹோல்ட் பேக் த டான்’ சிறந்த நடிகைக்கான பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 1942 தொடக்கத்தில் நடந்த அந்த விழாவில் விருதை வென்றவர் ‘சஸ்பிஷன்’ படத்தில் நடித்த தங்கை ஜோன். அக்கா தங்கைக்கு இடையிலான பகைமையைப் பற்றி எழுதுவோர் இந்த இரவிலிருந்தே தொடங்குவார்கள். வதந்திக்கு அது நல்ல தீனி. அவருடைய தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அதைவிட உதவும் செய்தி ஒன்று உண்டு: ஒலிவியா வாழ்நாளில் பெற்ற ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றுகூட வார்னர் தயாரித்த படத்துக்காக வந்ததில்லை. செல்ஸ்னிக் ஒன்று, பாரமவுண்ட் மூன்று, ஃபாக்ஸ் ஒன்று. தன்னிடம் இருந்த நடிகையின் திறமையை அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த நிறுவனமே பயன்படுத்தத் தெரியாமல் இருந்தது.

ஒரு பிரிவு, இரண்டு வாசிப்பு

1936 மே 5இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் நாட்காட்டிப்படி 1943 மே மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். இடைநிறுத்த நாட்களைக் கூட்டி இன்னும் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பாக்கி இருப்பதாக வார்னர் கணக்குக் காட்டியது. வழக்கறிஞர் மார்ட்டின் கேங் ஒலிவியாவுக்குச் சுட்டிக்காட்டியது ஒரு பழைய சட்டப் பிரிவை. ஒருவரின் தனிப்பட்ட உழைப்பை வழங்கும் ஒப்பந்தத்தை, உழைப்பு தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஊழியருக்கு எதிராக நடைமுறைப்படுத்த முடியாது என்பது அதன் சாரம்.

இந்த வரம்பு படிப்படியாக வளர்ந்தது. 1872ஆம் ஆண்டின் கலிபோர்னிய உரிமையியல் சட்டத்தொகுப்பில் அது இரண்டு ஆண்டுகள். 1919இல் ஐந்தாகவும் 1931இல் ஏழாகவும் சட்டமன்றம் அதை உயர்த்தியது. 1937இல் பிரிவு அப்படியே தொழிலாளர் சட்டத்தொகுப்புக்கு மாற்றப்பட்டு 2855 என்ற எண்ணைப் பெற்றது.

வாதம் இந்தப் புள்ளியில்தான் பிரிகிறது. ஏழு ஆண்டுகள் என்பது உண்மையில் உழைத்த காலம் என்றது வார்னர். ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உழைப்பில் சேராது. ஆகவே அவற்றைக் கழித்துவிட்டு ஏழாண்டு உழைப்பு நிறைவேறும்வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். மேலும் இடைநிறுத்தம் அவருடைய மறுப்பால் வந்தது, தன் தவற்றிலிருந்தே ஒருவர் பலன் பெறலாமா என்பது அதன் வாதம். ஒலிவியா தரப்பின் வாதம் சுருக்கமானது: ஏழு ஆண்டுகள் என்றால் ஏழு ஆண்டுகள்.

1943 ஆகஸ்டில் வழக்குத் தாக்கலாயிற்று. ஜாக் வார்னர் மற்ற திரைப்பட நிறுவனங்களுக்கெல்லாம் எழுதி, ஒலிவியா இன்னும் தங்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர் என்று எச்சரித்தார். வெல்வாரா என்பது தெரியாத நடிகையை வேலைக்கு எடுத்து வழக்கில் சிக்கிக்கொள்ள எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அவர் பலகாலம் புதிய படம் எதிலும் நடிக்காமல் இருந்ததற்கு இதுவே காரணம். போர்க்காலமாகையால், அந்த இடைவெளியில் அலூஷியன் தீவுகளிலும் தென் பசிபிக்கிலும் இருந்த ராணுவ மருத்துவமனைகளுக்குச் சென்று காயம்பட்ட வீரர்களைச் சந்தித்தார். ஃபிஜியில் நிமோனியா கண்டு சில நாட்கள் அவரே மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது.

நீதிமன்றத்தின் தர்க்கம்

1944இல் லாஸ் ஏஞ்சலிஸ் விசாரணை நீதிமன்றம் ஒலிவியா பக்கம் தீர்ப்பளித்தது. வார்னர் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பர் 8 அன்று நீதிபதி கிளெமென்ட் ஷின் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அவருக்கே சாதகமாக அமைந்தது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1945 பிப்ரவரியில் மறு ஆய்வுக்கு எடுக்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது. தீர்ப்பின் தர்க்கத்தை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

1. சட்டமன்றம் வரம்பை இரண்டிலிருந்து ஐந்துக்கும் ஐந்திலிருந்து ஏழுக்கும் உயர்த்தியபோது நாட்காட்டி ஆண்டுகளையே மனத்தில் வைத்திருந்தது. தொகுப்பு மாற்றத்தின்போது நேர்ந்த சொல் மாற்றங்களை வைத்துக்கொண்டு பொருளே மாறிவிட்டதாகக் கொள்ள இடமில்லை.

2. உழைத்த காலம் என்று வாசித்தால் வரம்பே இல்லாமல் போகும். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தும் இடையிடையே நிறுத்தியும் ஏழாண்டு உழைப்பை எத்தனை ஆண்டுகளுக்கும் இழுக்க முதலாளியால் முடியும். உச்சவரம்பு வைக்கும் சட்டத்துக்கு அப்படியொரு வாசிப்பு பொருந்தாது.

3. இந்த உரிமையை ஊழியர் விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. ஓர் உழைப்பாளி குறிப்பிட்ட காலத்துக்குப் பின் முதலாளியையோ தொழிலையோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தோடு இருப்பது பொது நலனுக்கான ஏற்பாடு. பொது நலனுக்காக இயற்றிய சட்டத்தை இருவர் தமக்குள் கையெழுத்திட்டுக் கடந்துபோக முடியாது. ஆகவே இடைநிறுத்த நாட்களைக் கூட்டலாம் என்று 1936இல் அவர் கையெழுத்திட்டிருந்தும், ஏழாண்டு எல்லையைத் தாண்டியபின் அந்தக் கையெழுத்துக்கு வலு இல்லை.

இவற்றில் மூன்றாவது படியே ஆழமானது. முதலிரண்டும் ஒரு சொல்லின் பொருளைத் தீர்க்கின்றன. மூன்றாவது, நடிகையையும் மற்ற எல்லோரையும் போன்ற ஓர் உழைப்பாளி என்று ஏற்றுக்கொள்கிறது. வாரம் பல நூறு டாலர் வாங்கும் நட்சத்திரத்துக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு எதற்கு என்ற கேள்வி அன்று பலர் மனத்தில் இருந்தது. சட்டம் சம்பளத்தின் அளவைப் பார்க்கவில்லை. வெளியேறும் கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்த்தது.

தீர்ப்பு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை

ஹாலிவுட்டின் பழைய அமைப்பையே ஒரு நடிகை தனியாக உடைத்துவிட்டார் என்று நினைவுக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். இது மிகை. தீர்ப்புக்குப் பிறகும் ஏழாண்டு ஒப்பந்தங்கள் தொடர்ந்தன, இரவல் தொடர்ந்தது, வேடத்தை மறுத்தால் சம்பளத்தை நிறுத்துவதும் தொடர்ந்தது. ஏழாண்டுக்குள் நிறுவனத்துக்கு இருந்த அதிகாரத்தைத் தீர்ப்பு தொடவே இல்லை. மறைந்தது ஒன்றே: நாட்காட்டியை நிறுத்தி வைக்கும் அதிகாரம்.

அதுவே மிகப் பெரிய மாற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது என்பது வேறு விஷயம். விடுதலை நாள் எது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் மறுப்பின் விலை குறைகிறது. நடிகர் சம்பளத்தை மட்டும் இழப்பார்; ஆண்டுகளை இழக்க மாட்டார். ஏழாம் ஆண்டு நெருங்கும்போது பேரம் பேசும் வலிமை அவர் பக்கம் சாயும். போரில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய நடிகர்களுக்கும் இதே கணக்கு உதவியது. படைச் சேவையில் கழிந்த ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டவைக்க முடியாமற்போனது.

நிறுவனங்களின் பிடியை உண்மையில் தளர்த்தியவை வேறு அடிகள். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பால் படம் எடுப்பவர்கள் தம் திரையரங்குகளைப் பிரித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. திரையரங்குக்கு உறுதியாகப் படம் அனுப்பியாக வேண்டும் என்ற தேவை குறைந்ததும், நூற்றுக்கணக்கான நடிகர்களை வாரச் சம்பளத்தில் வைத்திருப்பது வீண் செலவாகத் தெரிந்தது. கூடவே தொலைக்காட்சி வந்தது. 1950இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ‘வின்செஸ்டர் 73’ படத்துக்கு நிலையான சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு பெற்றது புதிய முறையின் அடையாளமாயிற்று. டி ஹேவிலண்ட் தீர்ப்பை இந்த மாற்றங்களின் தாய் என்று சொல்வதைவிட, அவை வருவதற்கு முன்பே திறந்த முதல் கதவு என்று சொல்வது சரியாக இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவர் வார்னரில் சேர்ந்தது 1934இல். ஆனால் ஏழாண்டுக் கணக்கு 1936 ஒப்பந்தத்திலிருந்தே ஓடியது. ஆக, அவர் உண்மையில் அங்கே கழித்தது ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள். நடுவழியில் சம்பள உயர்வோடு புதிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினால் நாட்காட்டி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமா என்பது இன்றுவரை வழக்கறிஞர்கள் மோதும் களம்.

விடுதலைக்குப் பிந்தைய ஐந்தாண்டு

பாரமவுண்ட் அவரை உடனே அழைத்துக்கொண்டது. 1946இல் வந்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்தில், மணமாகாமல் பெற்ற மகனைப் பிரிந்து, அவன் வளர்வதைத் தூரத்திலிருந்தே பார்க்கும் தாயாக, இளமை முதல் நடுவயது வரை நடித்தார். முதல் ஆஸ்கர் கிடைத்தது. 1948இல் ஃபாக்ஸ் தயாரிப்பில் அனடோல் லிட்வாக் இயக்கிய ‘த ஸ்னேக் பிட்’ மனநல மருத்துவமனைக்குள் நடக்கும் கதை. ஒலிவியா அத்தகைய மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று, நோயாளிகளைக் கவனித்து, உடல் மெலிந்து, ஒப்பனை இல்லாத முகத்தோடு நடித்தார். ஃபிளினின் காதலியாக அவரைப் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருந்திருக்கும். என் கணிப்பில் அவருடைய மிகத் துணிச்சலான நடிப்பு இதுதான். ஆஸ்கர் கிடைக்கவில்லை, நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் விருதும் வெனிஸ் விழாவின் விருதும் கிடைத்தன.

‘தி ஏரஸ்’ தீர்ப்பின் பலனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஹென்றி ஜேம்ஸின் நாவலிலிருந்து உருவான மேடை நாடகத்தை நியூயார்க்கில் பார்த்த ஒலிவியா, தாமே இயக்குநர் வில்லியம் வைலரிடம் அதை எடுத்துச் சென்றார். தந்தையின் ஏளனத்துக்கும் காதலனின் பேராசைக்கும் நடுவே நசுங்கும் செல்வந்தப் பெண், மெல்ல மெல்லக் கல்லாகிப் போவதே கதை. கதையையும் இயக்குநரையும் நடிகையே தேடிப் பிடிப்பது 1942இல் நினைத்துப் பார்க்க முடியாதது. 1949இல் படம் வெளியாகி இரண்டாவது ஆஸ்கரைக் கொண்டுவந்தது.

அதன்பின் வேகம் தணிந்தது. எழுத்தாளர் மார்கஸ் குட்ரிச்சுடனான முதல் திருமணம் முறிந்தது. 1955இல் ‘பாரி மாட்ச்’ இதழின் ஆசிரியர்களில் ஒருவரான பியர் கலாந்தை மணந்து பாரிஸில் குடியேறினார். இடையிடையே நடித்தார். 1965இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமையேற்ற முதல் பெண் ஆனார்.

இரண்டாவது வழக்கு: காலத்துக்குப் பின் உருவம்

2017இல் எஃப்.எக்ஸ். தொலைக்காட்சி பெட்டி டேவிஸுக்கும் மற்றொரு நடிகையான ஜோன் கிராஃபோர்டுக்கும் இடையே இருந்த பகையைத் தொடராக எடுத்தது. அதில் கேத்தரின் சீட்டா ஜோன்ஸ் ஒலிவியாவாக நடித்தார். நடக்காத நேர்காணல் ஒன்றில் அவர் பேசுவதாகவும், தங்கையைக் கொச்சையான சொல்லால் குறிப்பிடுவதாகவும் காட்சிகள் இருந்தன. ஒலிவியா அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 101ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அவர் வழக்குத் தொடுத்தார்.

இங்கே எழுந்த கேள்வி வேறு. தன் பெயரையும் உருவத்தையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை கலிபோர்னியாவில் ஒவ்வொருவருக்கும் உண்டு; ஒருவரைப் பொய்யான வெளிச்சத்தில் காட்டுவதும் வழக்குக்குரியது. அவற்றுக்கு எதிரே அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் கருத்துரிமை நிற்கிறது. விசாரணை நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதித்தது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தது: புகழ்பெற்றவரானாலும் வரலாறு எவருக்கும் சொந்தமல்ல, உண்மை மனிதர்களைச் சித்திரிக்கும் படைப்பாளியின் கையைப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழக்கை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு, 2020 ஜூலை 26 அன்று, ஒலிவியா பாரிஸில் 104ஆம் வயதில் காலமானார்.

இரண்டு வழக்குகளையும் ஒரே போராட்டத்தின் இரு பகுதிகள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1943இல் அவர் கேட்டது தன் உழைப்பின் மீதான உரிமை. அதனால் வேறு யாருடைய உழைப்பும் தடைபடவில்லை. 2017இல் கேட்டது தன்னைப் பற்றிய சித்திரிப்பின் மீதான உரிமை. அது கிடைத்திருந்தால் வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் முன் அனுமதியோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்திருக்கும். அவமதிக்கப்பட்டதாக அவர் உணர்ந்ததில் நியாயம் இருந்தது. அதைத் தீர்க்க அவர் கேட்ட மருந்து நோயைவிடக் கடுமையானது.

பாடகர்கள் ஏன் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்

இனி இரண்டாவது ஐயம். திரைப்பட நடிகர்கள் படத்துக்குப் படம் ஒப்பந்தம் செய்யத் தொடங்கியபின் ஏழாண்டு வரம்பு அவர்களுக்கு அதிகம் தேவைப்படவில்லை. நீண்ட ஒப்பந்தங்கள் தொலைக்காட்சிக்கும் இசைக்கும் இடம் மாறின. 1979இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன், என்.பி.சி. நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் இதே வரம்பைக் காட்டினார். முடிவில் அவர் பெற்ற புதிய ஒப்பந்தம் அவருக்கு மிகச் சாதகமாக இருந்தது.

இசைத் துறையில் சிக்கல் ஒப்பந்தத்தின் அலகில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கைக் காட்டிலும் தொகுப்புக் கணக்கே முக்கியம்: இத்தனை இசைத்தொகுப்புகளைத் தந்து முடிக்கும்வரை பாடகர் கட்டுப்பட்டவர். ஒரு தொகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றுப்பயணத்தில் கழிந்தால், ஏழு தொகுப்புகளை ஏழு ஆண்டுகளில் முடிப்பது நடக்காத காரியம். நிறுவனங்களின் கோரிக்கையை ஏற்று 1987இல் கலிபோர்னியச் சட்டமன்றம் 2855ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஏழு ஆண்டுகளுக்குப் பின் பாடகர் வெளியேறலாம். ஆனால் தராமல் விட்ட தொகுப்புகளுக்காக நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். வேறு எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் இந்தச் சுமை இல்லை.

இந்த விதிவிலக்கின் கூர்மையை 2008இல் ‘தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ இசைக்குழு உணர்ந்தது. ஏழாண்டு வரம்பைக் காட்டி அக்குழு விலக முயன்றபோது ஈ.எம்.ஐ. நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது; அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமரசமாகிப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. உட்பிரிவை நீக்கக் கோரும் மசோதாக்கள் 2021இலும் 2022இலும் சட்டமன்றத்துக்கு வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை.

தொலைக்காட்சித் தொடர் நடிகர்களுக்கு இத்தகைய விதிவிலக்கு இல்லை. 1944இன் வாசிப்பு அவர்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. தொடரின் முதல் பகுதிக்கு முன்பே நடிகர்களிடம் கையெழுத்து வாங்கும் நிறுவனங்கள் ஒப்பந்த காலத்தை ஏழாண்டுக்குள் அடக்கி எழுதுவதற்கு இதுவே காரணம். ஆண்டுக்கு ஒரு பருவம் வந்த காலத்தில் அதற்குள் ஆறேழு பருவங்கள் எடுத்துவிடலாம். இணையத் தளங்களின் தொடர்களில் ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டு ஆண்டு இடைவெளி விழும்போது, நான்காவது பருவம் முடிவதற்குள் நடிகரின் ஏழாண்டு முடிந்துவிடுகிறது. ஐந்தாவது பருவத்துக்கான சம்பளத்தை நிறுவனம் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது.